மேலே மாடி இருக்கிறது. கீழே ஒன்பது இஞ்ச் சுவரை எடுத்துவிட்டு கர்டர் (இரும்பு உத்தரம்) போடலாமா?

திருமங்கலம் டீச்சர்:

வணக்கம். திருமங்கலத்தில் உசிலம்பட்டி ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. அப்பா 1989-ல் கட்டினார். மாடியை நாங்கள் 2003-ல் எழுப்பினோம். பில்லர் என்று எதுவும் கிடையாது, எல்லாம் செங்கல் சுவர்தான். கீழே முன் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்து இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன்.

அம்மாவுக்குப் போன மார்கழியில் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் இன்னும் சரியாகவில்லை. கட்டிலை முன் அறையில் போட்டிருக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் சுவரும் காலண்டரும்தான் தெரியும். நாங்கள் ஹாலில் சாப்பிட உட்கார்ந்தால் "யாரு வந்திருக்கா, என்ன பேசுறீங்க" என்று உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தால் நிலைக்கதவில் ஒவ்வொரு முறையும் அவர் கை உரசுகிறது. வலது முழங்கையில் தோல் வழண்டு புண்ணாகி, இப்போதுதான் ஆறியிருக்கிறது. அந்தச் சுவர் போய்விட்டால் கட்டிலில் இருந்தபடியே வீடு முழுக்க அவர் கண்ணில் இருக்கும்.

எங்கள் காம்பவுண்டுச் சுவரைக் கட்டிய கொத்தனார் வந்து பார்த்தார். நல்ல மனிதர், கை சுத்தமான வேலைக்காரர். சுவரை நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "எட்டு இஞ்ச் கர்டர் ரெண்டப் போட்டு சுவர உருவிடலாம் டீச்சர். ரெண்டு நாள் வேல. நடுவுல கதவு இருக்கற சுவருதான, பெருசா லோடு இருக்காது" என்றார். வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். அடுத்த திங்கள் ஆரம்பிக்கலாம் என்று பேச்சு.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மாடியில் பையன் படிக்கிற அறையின் சுவர் சரியாக இந்தச் சுவருக்கு மேலேயே வருகிறது. படிக்கட்டுப் பக்கத்துச் சுவரிலிருந்து மேலேயும் கீழேயும் டேப் பிடித்து அளந்தேன், அரை இஞ்ச்கூட வித்தியாசம் இல்லை. அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் நிற்கிறது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். யாராவது கணக்காகச் சொன்னால் புரிந்துகொள்வேன். எட்டு இஞ்ச் கர்டர் இரண்டு தாங்குமா?

ஆனையூர்வாசி:

டீச்சர், திங்கள்கிழமை வேலையை முதலில் நிறுத்துங்கள். நாங்களும் இதே மாதிரி ஒரு சுவரில் ஆறடி திறந்தோம், எங்களுக்கு மேலே மாடி இல்லை. அதற்கே இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுத்தான் கை வைத்தோம். சுவரின் நீளம், உயரம், கனம், இரண்டு பக்கத்து அறைகளின் அளவு, கதவு எங்கே இருக்கிறது, கீழே என்ன மண், இதையெல்லாம் எழுதுங்கள். பெரியவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

கதவு இருப்பதால் லோடு இல்லை என்பது தப்பு. கதவுக்கு மேலே குறுக்கே லிண்டல் கட்டை இருக்கிறதல்லவா, மேலே உள்ள எடையை அதுதான் இரண்டு பக்கச் சுவருக்கும் கடத்திக்கொண்டிருக்கிறது.

திருமங்கலம் டீச்சர்:

இன்று பள்ளி விட்டு வந்து அளந்தேன். சுவர் நீளம் 12 அடி, உயரம் 10 அடி. பூச்சோடு சேர்த்துக் கனம் பத்தே கால் இஞ்ச். இந்தச் சுவரிலிருந்து தெருப்பக்கச் சுவர் வரை, அதாவது முன் அறை, 10 அடி. அந்தப் பக்கம் ஹால் 12 அடி. கதவு கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. மண் கரிசல். அஸ்திவாரம் கருங்கல் கட்டு என்று அப்பா சொல்லியிருக்கிறார், எவ்வளவு ஆழம் என்று அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை. தளம் ஐந்து இஞ்ச், மாடிப்படி ஓரத்தில் அளக்க முடிந்தது.

ஹார்விபட்டி ஓவர்சியர்:

டீச்சரம்மா, வணக்கம். கட்டட வேலையில் 36 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் அளந்து எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டேன். நேரில் பார்க்காமல் போட்ட கணக்கு இது. நேரில் பார்க்கிற பொறியாளர் கையெழுத்துக்கு இது ஈடாகாது. ஆனால் உங்கள் மனசு ஏன் ஒப்பவில்லை என்பதற்குக் காரணம் இதில் இருக்கிறது.

சுவரின் ஓரடி நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். முன் அறைத் தளத்தில் பாதி, ஹால் தளத்தில் பாதி, அதாவது 5-ம் 6-ம் சேர்த்து 11 சதுர அடி அந்த ஓரடிச் சுவர் தலையில் உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் தளம் நாலு பக்கச் சுவருக்கும் எடையைப் பகிரும். ஆனால் 1989-ல் கம்பியை எப்படிப் போட்டார்கள் என்று தெரியாதபோது நான் பாதிப் பாதி என்றே வைப்பேன். கணக்கு கொஞ்சம் கூடி வந்தால் நமக்கு நல்லதுதான்.

ஐந்து இஞ்ச் காங்கிரீட் ஒரு சதுர அடிக்கு 30 கிலோ. தரைக்கும் டைல்ஸுக்கும் 10 கிலோ. ஆட்கள், பீரோ, கட்டில் என்று புழங்குகிற எடைக்கு 20 கிலோ. ஆக 60 கிலோ, 11 சதுர அடிக்கு 660 கிலோ. அதற்கு மேலே பையன் அறைச் சுவர். முக்கால் அடி கனம், பத்தடி உயரம், பூச்சோடு ஓரடி நீளத்துக்கு 450 கிலோ. அதற்கும் மேலே மொட்டை மாடித் தளம். அங்கே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட தளமும் தட்டோடும் இருக்கும், சதுர அடிக்கு 65 கிலோ வைத்தால் 715 கிலோ. மூன்றையும் கூட்டினால் ஓரடிக்கு 1,825 கிலோ.

பன்னிரண்டு அடிக்கு ஏறக்குறைய 22 டன். தண்ணீர் டேங்க் இதில் சேரவில்லை, அது ஒரு டன். ஆறு சக்கர லாரி மணலோடு சேர்த்து 18½ டன்னுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அதைவிடக் கூடுதலான எடையை உங்கள் சுவர் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. தட்டிப் பார்த்தால் இது தெரியாது. தட்டினால் பூச்சு பெயர்ந்திருக்கிறதா என்பது தெரியும், அவ்வளவுதான்.

இப்போது கர்டர். வளைவைத் தாங்கும் பலத்துக்கு ஓர் அளவு உண்டு, கன சென்டிமீட்டரில் சொல்வோம். எட்டு இஞ்ச் கர்டர் ஒன்றுக்கு 224, இரண்டுக்கு 448. பன்னிரண்டு அடியையும் திறந்தால் உங்களுக்கு வேண்டியது 680. போதாது. பத்து இஞ்ச் கர்டர் ஒன்றுக்கு 410, இரண்டு போட்டால் 820, அது தாங்கும். உங்கள் கொத்தனார் சொன்னது மாடி இல்லாத வீட்டு அனுபவம். அங்கே அது சரியாகவே இருந்திருக்கும், அவரைக் கோபிக்காதீர்கள்.

ஆனால் என் கவலை கர்டரில் இல்லை. பத்து இஞ்ச் வேண்டுமென்றால் மதுரைக்கு வண்டி அனுப்பி வாங்கி வந்துவிடலாம். கர்டரின் இரண்டு முனையும் எங்கே உட்காரப் போகிறது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. இதுநாள் வரை 12 அடி நீளத்துக்குப் பரவி இறங்கிய எடை, இனிமேல் இரண்டு முனையில் 11 டன், 11 டன்னாக இறங்கும். ஒன்பதுக்கு ஒன்பது இஞ்ச் செங்கல்லில் அதை உட்கார வைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல். நம் பக்கத்துச் சூளைச் செங்கல்லில் கட்டிய சுவரை 4, 5 கிலோவுக்கு மேல் நான் நம்பியதில்லை. முனை நசுங்கும். முதலில் பூச்சில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் வரும், அப்புறம் அது கீழ்நோக்கிப் பிளக்கும்.

சரி, முனைக்கு முனை காங்கிரீட் தூண் போடலாமே என்பார்கள். போடலாம், அதற்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டும். உங்கள் மண் கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து பழகிய கருங்கல் கட்டுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி, புதிதாக ஒரு தூணை நிறுத்தினால், பழையது அசையாமல் நிற்கும், புதியது இனிமேல்தான் அமுங்கத் தொடங்கும். முடியாத வேலை என்று சொல்லவில்லை. அம்மா படுத்திருக்கும் வீட்டில், அவர் கட்டிலுக்கு நாலடி தள்ளி அப்படி ஒரு குழி வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

அதனால் என் யோசனை இது. முழுச் சுவரையும் எடுக்காதீர்கள். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு அடி விட்டுவிட்டு நடுவில் எட்டடி மட்டும் திறங்கள். நீங்கள் கணக்கு டீச்சர். வளைவு நீளத்தின் வர்க்கத்தில் கூடும், வர்க்கத்தில் குறையும். எட்டடிக்கு வேண்டியது 320-க்குள் வந்துவிடுகிறது. உங்கள் கொத்தனார் சொன்ன அதே எட்டு இஞ்ச் கர்டர் இரண்டு, 448, தாராளமாகப் போதும். முனைக்கு இறங்கும் எடையும் 8 டன்னாகக் குறையும். விட்டுவைத்த இரண்டடியின் தலையில், குறுக்குச் சுவருக்குள்ளும் ஒன்பது இஞ்ச் நுழைகிற மாதிரி, கம்பி போட்ட காங்கிரீட் பெட் பிளாக் (கர்டர் முனை உட்காரும் திண்டு) ஒன்று போட்டு அதன் மேல் கர்டரை வைத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ சொச்சம். ஏற்கனவே அந்த இரண்டடி சுமக்கிற எடை இதோடு சேரும், அதனால் செங்கல்லின் தரத்தை ஆள் நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். மட்டமான செங்கல் என்றால் அந்த இரண்டடிக்குள்ளேயே ஒன்பது இஞ்ச் காங்கிரீட் தூண் வார்க்கச் சொல்வார். எப்படியானாலும் எடை இறங்குவது பழைய அஸ்திவாரத்தில். புதுக் குழி பெரும்பாலும் தேவைப்படாது.

மதுரை மீனாட்சி கோயிலுக்கு முன்னால் இருக்கும் புது மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். தூணுக்குத் தூண் ஏன் அவ்வளவு நெருக்கம்? கல் உத்தரம் அமுக்கத்தைத் தாங்கும், அடிப்பக்கம் இழுபடுவதைத் தாங்காது. அதனால் நீளம் போக முடியாது. அந்த ஸ்தபதிகள் உத்தரத்தின் நீளத்தைக் குறைத்து, எடையை அடிக்கடி தூணில் இறக்கினார்கள். திருமலை நாயக்கர் மகாலில் உத்தரமே வேண்டாம் என்று செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து வளைவாக எழுப்பி, அந்த வளைவு வெளிப்பக்கம் தள்ளுவதற்கு ஈடாக அவ்வளவு பருத்த தூண்களை நிறுத்தினார்கள். எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்பதைத்தான் அவர்களும் முதலில் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1994, செல்லூரில் ஒரு வீடு. நான் அப்போது சூப்பர்வைசர். உங்கள் வீடு மாதிரியே கீழும் மாடியும். தளத்தைத் தாங்க முட்டுக் கட்டையெல்லாம் கொடுத்து, எண்ணிக்கையும் சரியாக வைத்து, சுவரை உடைக்கச் சொன்னேன். முட்டின் அடியைச் சிமெண்டுத் தரையில் நேராக நிறுத்தியிருந்தார்கள், நானும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தரைக்கு அடியில் வெறும் மணல் நிரப்பு. பாதிச் சுவர் போனதும் சவுக்குக் கட்டைக்கு அடியில் வைத்த ஆப்பு முனகியது. பச்சை மரத்தில் ஆணி இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். கட்டையின் அடி தரையைப் பொத்துக்கொண்டு கால் இஞ்ச், கால் இஞ்சாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. மாடியில் அந்த வீட்டுப் பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் ஏறிப் போய் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவருவதற்குள் அவர் உட்கார்ந்திருந்த சிவப்புச் சிமெண்டுத் தரையில் அறை நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தளம் அரை இஞ்ச் இறங்கியது இறங்கியதுதான், மேலே ஏறவே இல்லை. அது என் தவறு. அதற்கப்புறம் எந்த வேலையிலும் முட்டின் தலையைப் பார்ப்பதற்கு முன்னால் அடியைத்தான் பார்ப்பேன்.

ஆகவே பொறியாளர் ஒருவரை வரச் சொல்லுங்கள். நகராட்சியில் பதிவு பெற்றவராக இருக்கட்டும். படம் போட்டுக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். வேலை நடக்கிற நாட்களில் அம்மாவும் நீங்களும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். மாடியில் பையனும் இருக்கக் கூடாது.

வில்லாபுரம் புதுவீடு:

ஓவர்சியர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். இரும்புக்குப் பதிலாகக் காங்கிரீட் பீம் போட்டால் துருப் பிடிக்கும் பயம் இருக்காதே?

ஹார்விபட்டி ஓவர்சியர்:

புது வீடென்றால் காங்கிரீட்தான் போடுவேன் தம்பி. இருக்கிற தளத்துக்கு அடியில் வார்ப்பதில்தான் சிக்கல். மேலே ஏற்கனவே தளம் மூடியிருக்கிறது, காங்கிரீட்டை எந்த வழியாக ஊற்றிக் குத்துவது? பீமின் தலைக்கும் தளத்துக்கும் நடுவில் இடைவெளி விழும். காய்ந்து சுருங்கும்போது அது இன்னும் கூடும். தளம் அந்த இடைவெளி அளவுக்கு இறங்கித்தான் பீமில் உட்காரும், அதற்குள் மாடியில் கீறல் வந்துவிடும். அதோடு 6 மீட்டர் நீளம் வரை உள்ள பீமுக்கு 14 நாளாவது அடியில் கொடுத்த முட்டுகளை எடுக்கக் கூடாது. இரும்பு போட்ட அன்றே பலத்தோடு இருக்கிறது. துருவுக்குப் பயப்பட வேண்டாம். நன்றாகத் தேய்த்து பிரைமர் இரண்டு கோட்டு அடித்து, கோழி வலை சுற்றிப் பூசிவிட்டால் வீட்டுக்குள் இருக்கிற கர்டர் நம் பேரன் காலம் வரை இருக்கும்.

கொட்டாம்பட்டி கொத்தனார்:

டீச்சரக்கா, ஓவர்சியர் ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் கை வேலையைச் சொல்கிறேன். இந்த மாதிரி ஏழெட்டு வீடு செய்திருக்கிறேன். உங்கள் கொத்தனாரிடம் இதைக் காட்டுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.

முதலில் டேங்கைத் திறந்துவிட்டுக் காலி பண்ணுங்கள். மாடி அறையில் பீரோ, அரிசி மூட்டை எது இருந்தாலும் ஓரச் சுவர் பக்கம் நகர்த்துங்கள். அப்புறம் ஜாக்கி, அதாவது திருகி ஏற்றி இறக்குகிற இரும்பு முட்டு. சுவரின் இரண்டு பக்கமும் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் அடுத்த பக்கத்துத் தளம் தொங்கும். ஒரு ஜாக்கிக்கு ஒன்றரை டன் என்று வைப்போம். எட்டடிக்குப் பதினாலரை டன் வருகிறது, பத்து ஜாக்கி தாங்கிவிடும். நான் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு நிறுத்துவேன். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்தினால் ஆள் நின்று வேலை பார்க்க இடம் கிடைக்கும். ஜாக்கி தலைக்கு மேலே நீளமாக ஒரு கட்டை, அடியில் இரண்டு இஞ்ச் கனத்தில் அகலமான பலகை. டைல்ஸ் மேல் நேராக நிறுத்தவே கூடாது. தரையடியில் மணல் எப்படி என்று ஓரத்தில் ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்துவிடுவேன். பொலபொலவென்று இருந்தால் பலகைக்கு அடியில் இன்னும் அகலமாக ஒரு படுகை போட்ட பிறகுதான் ஜாக்கி.

கர்டரை ஏற்ற முழுச் சுவரையும் உடைக்க வேண்டியதில்லை. இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாது. தளத்துக்கு அடியில், ஹால் பக்கத்திலிருந்து மட்டும், நாலரை இஞ்ச் ஆழத்துக்குச் சுவரைக் குடைய வேண்டும். பாதிச் சுவர் போகும், முன் அறைப் பக்கத்துப் பாதி நிற்கும். கட்டர் மிஷினால் கோடு போட்டுவிட்டு உளியால் எடுக்க வேண்டும். சம்மட்டி வேண்டவே வேண்டாம். அந்தக் குடைவில் முதல் கர்டரை ஏற்றுங்கள். எட்டு இஞ்ச் கர்டர் மீட்டருக்கு 25 கிலோ சொச்சம், பத்தடிக்கு 77 கிலோ வரும், நாலு ஆள் தூக்கிவிடலாம். பெட் பிளாக்கை ஒரு வாரத்துக்கு முன்பே போட்டு ஆற வைத்திருக்க வேண்டும்.

கர்டர் உட்கார்ந்ததும் அதன் தலைக்கும் தளத்துக்கும் நடுவில் விரலளவு சந்து இருக்கும். அந்தச் சந்தில்தான் மொத்த வேலையும் இருக்கிறது அக்கா. இரும்புத் தகட்டை அரையடிக்கு ஒன்றாக இறுக்கி அடிக்க வேண்டும். அப்புறம் சிமெண்டும் மணலும் ஒன்றுக்கு இரண்டு, தண்ணீர் மிகக் குறைவாகத் தெளித்துப் பிசைய வேண்டும். புட்டு மாவு பதம். கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், அழுத்தினால் உதிர வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தில் வைத்து, சப்பைக் கட்டையால் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். குத்துகிற சத்தம் முதலில் சொத்தென்று இருக்கும், நிறைந்ததும் டங்கென்று கேட்கும். கூழ் மாதிரி கரைத்து ஊற்றினால் காய்ந்ததும் சுருங்கி மறுபடி சந்து விடும். சுருங்காத கிரௌட் என்று சந்து நிரப்புகிற கலவை மூட்டையில் விற்கிறது, பொறியாளர் அதைச் சொன்னால் அதையே போடுங்கள்.

இரண்டு நாள் விட்டு முன் அறைப் பக்கத்திலிருந்து மீதிப் பாதியைக் குடைந்து இரண்டாவது கர்டர். இரண்டையும் போல்ட் போட்டு இணைக்க வேண்டும். பின்பு ஏழு நாள் யாரும் தொடக்கூடாது. அதற்கப்புறம்தான் கீழே இருக்கிற சுவரை மேலிருந்து வரிசை வரிசையாகச் செங்கல் செங்கல்லாக எடுக்க வேண்டும். ஜாக்கியையும் ஒரே நாளில் கழற்றக் கூடாது. எல்லாவற்றையும் அரைச் சுற்று இறக்கிவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். ரெண்டு நாள் வேலை என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள்.

திருமங்கலம் டீச்சர் (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். வேலை முடிந்தது.

ஓவர்சியர் ஐயா எழுதியதை வீட்டுக்காரரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 22 டன் என்றதும் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் சிவில் படித்த பொறியாளர் ஒருவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வந்தார். எட்டடி யோசனையை அவரும் ஒத்துக்கொண்டார். அவர் கணக்கில் ஓரடிக்கு 1,700 கிலோ வந்தது. செங்கல்லை இரண்டு இடத்தில் பெயர்த்து எடுத்து, ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, ஒன்றை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு எடை பார்த்தார். செங்கல் பரவாயில்லை என்றார். ஆனால் வலது பக்கத்து இரண்டடியில்தான் எங்கள் மெயின் சுவிட்சு போர்டு பதித்திருந்தது. அந்தப் பெட்டிக்காக அப்பா காலத்திலேயே நாலு இஞ்ச் ஆழத்துக்குச் சுவரை வெட்டியிருக்கிறார்கள். எட்டு டன் இறங்குகிற இடத்தில் சுவர் பாதிதான் இருந்தது. போர்டை மாற்றி, அந்தப் பக்கம் மட்டும் ஒன்பது இஞ்ச் தூண் வார்த்தார்கள். நேரில் ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஏன் அத்தனை தடவை சொன்னீர்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

எங்கள் கொத்தனாரிடம் கொட்டாம்பட்டித் தம்பி எழுதியதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பாதிப் பாதியா ஏத்துறது நல்ல யோசன டீச்சர், நான் இப்படிச் செஞ்சதில்ல" என்றார். அவரே செய்தார். புட்டு மாவு பதத்துக்கு மூன்று தடவை பிசைந்து, முதல் இரண்டையும் கொட்டிவிட்டார். குத்தும்போது டங்கென்று சத்தம் மாறுவதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். பெட் பிளாக் ஆறிய நாட்களோடு சேர்த்து 24 நாள் ஆனது. அம்மாவைத் தம்பி வீட்டில், பழங்காநத்தத்தில் வைத்திருந்தோம்.

ஜாக்கியை அரைச் சுற்று இறக்கிய ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் ஓடிப் போய்ப் பார்த்தால் எங்கும் கீறல் இல்லை. மாடியில் பையன் அறையில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் மட்டும் மயிரிழை ஒன்று இருக்கிறது. அது வேலைக்கு முன்பே இருந்ததை நான் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். பொறியாளர் அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போனார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடுமாம். இன்றோடு பதினாறு நாள், உடையவில்லை.

அம்மாவை முந்தாநாள் கூட்டி வந்தோம். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தோம். இனி ஹால் தெரியும், டிவி தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதையெல்லாம் தாண்டிப் பின்கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "கொடியில துணி கெடக்கு, மேகம் கறுத்திருக்கு, எடுக்கலயா?" என்றார். எட்டு மாதத்துக்கு அப்புறம் அந்தக் கொடியை இப்போதுதான் பார்க்கிறார்.

ஹார்விபட்டி ஓவர்சியர்:

ரொம்ப சந்தோஷம் டீச்சரம்மா. அந்தக் கண்ணாடியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் உப்பும், அப்புறம் சித்திரை வெயிலில் சுருங்கும். இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடட்டும். தை மாதம் ஒரு போட்டோ, சித்திரையில் ஒரு போட்டோ இங்கே போடுங்கள். டேங்கை அந்தச் சுவருக்கு மேலேயே மறுபடி வைத்துவிட்டீர்களா, படிக்கட்டுப் பக்கம் நகர்த்தினீர்களா? அதையும் எழுதுங்கள்.

திருமங்கலம் டீச்சர்:

இன்னும் நகர்த்தவில்லை ஐயா, பாதித் தண்ணீர்தான் நிரப்புகிறோம். குழாய்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.